மருத்துவிச்சிப் பயிற்சியும் அதன் மதிப்பீடும்

ஒரு தொழிலைக் கற்பிக்க உலகில் நெடுங்காலமாக இருவழிகள் வழங்கி வந்துள்ளன. தொழில் வல்லார் ஒருவரின் பக்கத்தில் நின்று கண்டும் செய்தும் பழகுதல் ஒன்று. பள்ளியில் அமர்ந்து நூல்வழிக் கற்றுப் பரீட்சையிற் சித்தியடைதல் மற்றொன்று. பிள்ளைப்பேறு பார்க்கும் தொழில் முதலாவது வழியிலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அதனை இரண்டாவது வழியோடு இணைக்க முற்பட்ட நாடுகள் யாவும் கடினமான வினா ஒன்றை எதிர்நோக்கின. கையின் திறமைக்குப் புள்ளியிடுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு இங்கிலாந்து தேடிக்கொண்ட விடையை இங்கு ஆராய்வோம்.

அந்நாட்டில் மருத்துவிச்சிகள் சட்டம் 1902ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்கீழ் அமைந்த மத்திய மருத்துவிச்சிகள் சபை மூன்று மாதப் பயிற்சியை விதித்தது. மாணவி இருபது பிரசவங்களைக் கவனித்துத் தன் கையாற் பிள்ளையை ஏந்தியிருத்தல் வேண்டும். இருபது தாய்மாரைப் பேற்றின்பின் பத்து நாள்கள் பராமரித்திருத்தல் வேண்டும். இக்கணக்கைக் காட்டிய பின்னரே அவள் பரீட்சைக்குத் தோற்றலாம். மூன்று மாதம் போதாதெனக் கண்டு, பயிற்சிக் காலத்தை 1916இல் ஆறு மாதமாகவும், 1926இல் தாதிப் பயிற்சி பெறாதவர்களுக்கு ஓராண்டாகவும் நீட்டினர். காலம் நீண்டதாயினும், கைப்பழக்கத்தின் கணக்கில்லாமல் பரீட்சை இல்லை என்னும் அடிப்படை மாறவில்லை.

இன்று அங்கே மருத்துவிச்சித் தொழில் ஒரு பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகும். வைத்தியசாலையில் ஊதியம் பெறும் ஊழியராக அமர்ந்துகொண்டே அப்பட்டத்துக்குப் பயிலும் தொழிற்பயிலுநர் முறையும் உண்டு. எவ்வழியில் வரினும் நியமம் ஒன்றே. 2019இல் வெளியான நியமங்களின்படி, முழுநேரப் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டுகள், 4,600 மணித்தியாலங்கள் கொண்டது. அதில் ஏறக்குறைய பாதி விரிவுரையும் நூற்கல்வியும். மறுபாதி விடுதிகளிலும் தாய்மாரின் இல்லங்களிலும் பெறும் செயன்முறை. கருவுற்ற தாய்மாரை நூறு முறை பரிசோதித்தல், நாற்பது பிரசவங்களைத் தானே நடத்துதல், பேற்றின்பின் நூறு தாய்மாரையும் அவர்தம் சிசுக்களையும் கவனித்தல் ஆகியவை பயிலுநர் நிறைவேற்றவேண்டிய எண்ணிக்கைகளாம். போதிய பிரசவங்கள் கிடையாதவிடத்து, முப்பதை நடத்தி மேலும் இருபதில் உதவியிருத்தல் ஏற்கப்படும்.

இனி மதிப்பீட்டைக் காண்போம். உடலமைப்பு, கருவளர்ச்சி, மருந்தியல், சட்டம், ஒழுக்கநெறி முதலிய பாடங்களுக்குக் கட்டுரை, ஒப்படை, எழுத்துப் பரீட்சை என்பன உண்டு. ஆங்கிலப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் நூற்றுக்கு நாற்பது பெற்றோர் சித்தியடைவர். ஆயின் மருந்தளவு கணிக்கும் பரீட்சையில் அவ்விதி செல்லாது. அங்கு நூற்றுக்கு நூறும் பெறுதல் வேண்டும். இரண்டு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் மருந்து அடங்கியிருக்க, 75 மில்லிகிராம் வேண்டுமெனின் ஒன்றரை மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் பிசகினால் மருந்து பத்து மடங்காகும், அல்லது பத்திலொன்றாகும். வரலாற்றுப் பாடத்தில் அறுபது புள்ளியை இழந்த மாணவனால் எவருக்கும் தீங்கில்லை. இங்கு இழக்கப்படும் ஒரு புள்ளிக்குரியவள் கட்டிலிற் கிடக்கும் தாய்.

செயன்முறை படிப்படியாக அளக்கப்படுகிறது. முதலாண்டில் பயிலுநர் அனுபவசாலியின் அருகிருந்து பணியிற் பங்குகொள்வார். இரண்டாமாண்டிற் கூடிய பொறுப்பேற்றுப் பங்களிப்பார். இறுதியாண்டில் மேற்பார்வை சற்று விலகி நிற்க, தம் தேர்ச்சியைக் காட்டுவார். ஒவ்வொரு செயலும் பதிவேட்டில் ஏறும். பராமரிக்கப்பட்ட தாய்மாரின் கருத்தும் அதிற் கேட்டுப் பதியப்படும்.

இம்முறையில் ஆசிரியராகிய நாம் உற்று நோக்க வேண்டிய ஏற்பாடு ஒன்றுண்டு. முன்னர், பயிலுநருக்குக் கற்பித்த அதே மருத்துவிச்சியே அவருடைய தகைமைக்கும் ஒப்பமிட்டார். மாதக்கணக்கில் உடன் உழைத்த ஒருவரைத் தகுதியற்றவர் எனத் தள்ள மனித மனம் எளிதில் இசைவதில்லை. ஐயம் இருப்பினும் இரக்கத்தாற் சித்தியளித்துவிடும். எனவே 2018ஆம் ஆண்டின் நியமங்கள் இப்பொறுப்பைப் பிரித்தன. அன்றாடம் கற்பித்து வழிநடத்துபவர் ஒருவர். செயன்முறையை மதிப்பிடுபவர் வேறொருவர். நூற்கல்வியை மதிப்பிடும் பல்கலைக்கழக ஆசிரியர் மூன்றாமவர். மதிப்பிடுவோர் இருவரும் கலந்து இசைந்த பின்னரே பயிலுநர் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம்.

மற்றோர் உண்மையையும் நாம் மறத்தலாகாது. நாற்பது பிரசவங்கள் என்பது எண்ணிக்கையேயன்றித் திறமையன்று. நாற்பதும் இடரின்றி நிகழ்ந்திருப்பின், பேற்றின்பின் பெருகும் குருதியைப் பயிலுநர் ஒருமுறையேனும் கண்டிராதிருக்கலாம். ஆதலின் அரிதாக நேரும் ஆபத்துகளைப் பொம்மையுடல்களைக் கொண்டு நடத்திக் காட்டச் செய்வர். உதவிக்கு ஆளை அழைத்தாரா, கருப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்தாரா, உரிய மருந்தை நினைவுகூர்ந்தாரா, இழந்த குருதியை அளந்தாரா என ஒவ்வொன்றாக நோக்குவர். கட்டுரையிற் பெற்ற உயர்ந்த புள்ளி இதிற் கண்ட குறையை ஈடுசெய்யாது. கைத்திறன் மிக்கவரும் எழுத்துப் பரீட்சையைத் தாண்டியே ஆகவேண்டும். எழுத்திலும் செயலிலும் தனித்தனியே சித்தியடைதல் இன்றியமையாதது.

நம் நாட்டுக்கும் இப்பயிற்சி புதிதன்று. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879இல் திறக்கப்பட்டது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதன்பின் வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாது நாட்டுச் சுகாதாரத்தின் முதுகெலும்பானாள். 1940களின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. மலேரியா ஒழிப்பும், புதிய மருந்துகளும், வைத்தியசாலைகளின் பெருக்கமும் இதிற் பங்குகொண்டன. ஆயினும் அவற்றைக் குடிசை வாசல்வரை கொண்டு சென்றவள் முறையாகப் பயின்ற மருத்துவமாதே.

பாடசாலையில் நாம் கூட்டுத்தொகையும் சராசரியும் கண்டு தரம் பிரிக்கிறோம். ஒரு பாடத்தின் குறையை இன்னொன்றின் நிறைவு மறைத்துவிடுகிறது. பிறவுயிரைத் தாங்கும் தொழில்களுக்கு அவ்வழி பொருந்தாது. மாணவர் எத்தனை புள்ளி பெற்றார் என்பதோடு நில்லாமல், அவர் எதனை அறியாதிருக்கிறார் என்பதையும் தேடிக் கண்டு, அக்குறை தீருமட்டும் அவரைக் காத்திருக்கச் செய்வதே அங்கு நேர்மையான மதிப்பீடாகும். அது பயிலுநருக்குக் கடுமையாகத் தோன்றலாம்; நள்ளிரவில் அவர் வரவை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு அதுவே பாதுகாப்பு.