விதியும் நடுவரும்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு விதி வேண்டும் என்பதை எவரும் மறார். சதுரங்கத்திற் குதிரை எங்ஙனம் பாயும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுளது. வரையறைக்குப் புறம்பான பாய்ச்சல் ஆட்டமாகாது. ஆயின், மேசையைச் சூழ அமர்ந்தோர் தம்மை வீரராகவும் மந்திரவாதிகளாகவும் பாவித்து, தாம் செய்வதை வாயாற் சொல்லியே ஆடும் விளையாட்டொன்று மேனாடுகளிற் பரவியுளது. அதனைப் பாத்திரமேற்றாடும் விளையாட்டு எனலாம். அங்கே ஆடுவோன் எதனையும் முயலலாம். முயற்சி கைகூடிற்றா என்பதை நடுவராய் அமர்ந்தவர் கூறுவார். அவர் கூற்றில் நூலின் விதி எவ்வளவு, அவர்தம் மதிப்பீடு எவ்வளவு என்னும் வழக்கு அரை நூற்றாண்டு கடந்தும் தீர்ந்தபாடில்லை.

இவ்வழக்கின் வேர் பிரசிய நாட்டுப் படையிற் காணப்படும். 1824இல் இளைய றெயிஸ்விற்ஸ் என்னும் படையதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்கெனப் போர் விளையாட்டொன்றின் விதிகளை வெளியிட்டார். எண்ணாயிரத்தில் ஒன்று என்னும் அளவில் வரைந்த நிலப்படத்தின்மீது படைகளைக் குறிக்கும் கட்டைகள் நகர்த்தப்பட்டன. ஒவ்வோர் ஆட்டமுறையும் போர்க்களத்தில் இரு நிமிடங்களைக் குறித்தது. நடுவர் கவறுருட்டி அட்டவணை நோக்கிச் சேதத்தைக் கணக்கிடுவார். நாளடைவில் அட்டவணைகள் பெருகிக் கணக்கே ஆட்டத்தை விழுங்கிற்று. 1876இல் வேர்டி து வேர்னுவா என்பார் கவற்றையும் அட்டவணையையும் ஒதுக்கி, போரனுபவமுடைய நடுவரின் சொல்லே போதும் என்றார். ஆட்டம் விரைவு பெற்றது. எனினும் நடுவர் பிழைபட்டால் அப்பிழையை எதனைக் காட்டி மறுப்பது? படையிலோ நடுவர் பெரும்பாலும் மேலதிகாரி!

நடுவருக்குப் பேரதிகாரம் அளித்த நூல்களுள் ஒன்று அமெரிக்கரான சாள்ஸ் தொற்றன் 1880இல் வெளியிட்ட 'ஸ்ற்றற்றீஜோஸ்' ஆகும். மினசோற்றா மாநிலத்து டேவிட் வெஸ்லி அதனை நூலகமொன்றிற் கண்டெடுத்தார். அதன் தூண்டுதலால் 1969இல், 'பிறௌன்ஸ்ரைன்' என்னும் கற்பனையான ஜேர்மன் நகரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைகளோடு, நகரபிதா, வங்கியாளர் முதலிய தனித்தனிப் பாத்திரங்களும் வழங்கப்பட்டன. ஆடினோர் தம்முட் சூழ்ச்சி செய்தனர். இருவர் தனிப்போருக்கே அறைகூவினர். அதற்கு விதி இல்லை. வெஸ்லி அவ்விடத்திலேயே விதி வகுத்தார். ஆட்டம் குழம்பிற்று என்றே அவர் எண்ணினார். ஆடினோரோ மறுபடியும் வேண்டும் என்றனர். அக்குழாத்தைச் சேர்ந்த டேவ் ஆர்ணெசன் 1971இல் 'பிளாக்மூர்' என்னும் மாய உலகைப் படைத்தார். பின்னர் அவரும் காரி கைகாக்ஸும் இயற்றிய 'டஞ்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதற்பதிப்பு 1,000 படிகளே.

அந்நூல்களில் இடைவெளிகள் மிகுதி. பொருட்பட்டியலிற் பத்தடிக் கழி ஒன்று உண்டு. அதனால் என்ன பயன் என்பதற்கு விரிவான விதியில்லை. ஆடுவோன் கழியால் நிலத்தைத் தட்டிப் பார்க்கின்றேன் என்பான். நீரை ஊற்றி அது எப்பக்கம் வடிகின்றது என நோக்குகின்றேன் என்பான். நடுவர் அதனைச் சீர்தூக்கி விடை கூறுவார். 1975இல் வெளிவந்த 'கிறேஹோக்' என்னும் இணைப்பு நூல் கள்வன் என்னும் புதிய பாத்திர வகையைச் சேர்த்தது. பூட்டுத் திறத்தல், பொறியகற்றல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் ஆகியவற்றிற்கு அவனுக்கு நூற்றுவீதம் குறிக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டுத் தொடக்க நூலின்படி முதற்படிக் கள்வன் நிழலில் மறைதற்கு நூற்றுக்குப் பத்து. ஓசையின்றி நடத்தற்கு இருபது. மறைதலே தொழிலாய்க் கொண்டவன் பத்தில் ஒன்பது முறை பிடிபடுவான்!

இதனினும் பெரியதொரு விளைவு உண்டு. கள்வனுக்கு எண் குறிக்கப்பட்டதும், எண் இல்லாத வீரன் மறையவே இயலாது எனப் பலர் கொண்டனர். முன்னர் எல்லார்க்கும் உரியதாயிருந்த முயற்சி ஒருவனது தனியுரிமையாயிற்று. கொடுத்தற்கென எழுதிய விதி, எழுதாதார் கையிலிருந்து பறித்தது. இயல்பான ஒளிதல் எல்லார்க்கும் உண்டு, கள்வனின் எண் அதற்கு மேம்பட்ட திறமையைக் குறிக்கும் எனப் பிற்காலத்தார் சிலர் அமைதி கூறுவர். அது நல்லுரையே, ஆயின் உரையின்றி விளங்காமை விதிக்குச் சிறப்பன்று.

எனினும் விதியை வேண்டுவோர் கட்சி எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. நடுவரின் மதிப்பீடே யாவும் எனின், நாவன்மை உடையான் எப்போதும் வெல்வான். கூச்சமுடைய மாணவன் ஒருவன் சொல்லாற் பகைவரையும் வயப்படுத்தும் தூதனாக ஆட விரும்பின் என் செய்வது? வாளேந்தத் தெரியாதவன் வீரனாக ஆடலாமெனின், பேசத் தெரியாதவன் தூதனாக ஆடலாகாதோ? 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இருபது முகக் கவறு ஒன்றினையே பெரும்பான்மைச் செயல்கட்கும் பொதுவாக்கி, இணக்கப் பேச்சுக்கும் எண் வகுத்தது. கூச்சமுடையானுக்கு நீதி கிடைத்தது. ஆனால், என்ன பேசினாய் என்று வினவுமுன் கவறு உருளும் மேசைகளும் தோன்றின.

கவற்றின் தேர்வும் இதனோடு தொடர்புடையது. இருபது முகக் கவற்றில் ஒவ்வோர் எண்ணுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தே. வல்லவனின் வீழ்ச்சியும் கற்றுக்குட்டியின் வெற்றியும் அடிக்கடி நிகழும். 1986இல் வந்த 'கேர்ப்ஸ்' போல ஆறுமுகக் கவறு மூன்றினை உருட்டின், 216 வகை விழுதல்களுள் பத்து என்னுந் தொகை 27 முறையும், பதினெட்டு ஒரே முறையும் வரும். இதில் திறமைக்கு மதிப்புக் கூடும், வியப்புக் குறையும்.

வழக்கு முற்றுவது பாத்திரத்தின் சாவிலேயே. 1974இன் விதிப்படி உயிரெண் சுழியமாயின் சாவு. பல திங்கள் பேணி வளர்த்த பாத்திரம் ஒரு தீய உருட்டலால் மாள்வதைக் காணப் பொறாத நடுவர், மறைப்புத் தட்டிக்குப் பின்னே விழுந்த எண்ணை மாற்றிக் கூறுவதுண்டு. கைகாக்ஸே 1979இல் எழுதிய நடுவர் வழிகாட்டியில் கவற்றை மீறும் உரிமையை நடுவர்க்கு அளித்தார். இரக்கமாயினும் இது பொய்யே. ஒரு முறை அறியவரின், முன்னர்த் தப்பிய இடர்கள் யாவும் ஐயத்திற்கு இடமாகும். அஞ்சி அஞ்சி எடுத்த முடிவுகள் பயனற்றுத் தோன்றும். 2014இன் ஐந்தாம் பதிப்பு அவ்விரக்கத்தை விதியாகவே எழுதிற்று. உயிரெண் சுழியமானவன் தன் முறை தோறும் இருபது முகக் கவற்றை உருட்டுவான். பத்தும் அதற்கு மேலும் வெற்றி; குறையின் தோல்வி. மூன்று வெற்றி முந்தின் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி முந்தின் மாள்வான். அக்கவறு பெரும்பாலும் ஆடுவோன் கையிலேயே, எல்லார் கண்முன்னும் உருளும். நடுவர் மறைப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை.