வேளைக்காரர்

தலைவனுக்காக உயிர் துறப்பதையே பெரும்பேறாகக் கருதிய ஜப்பானியச் சாமுராய் வீரரைப் பற்றிப் படித்து நாம் வியக்கிறோம். அத்தகைய வீரர் நம் மண்ணிலும் வாழ்ந்தனர் என்பதைப் பலரும் நினைவிற் கொள்வதில்லை.

தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்துக்கு வடக்கேயுள்ள கோலார், பண்டு குவளாலபுரம் என்னும் பெயருடன் கங்க மன்னரின் தலைநகராய் விளங்கியது. அவர்கள் நாட்டில், மன்னன் மறைந்தால் உற்ற ஊழியன் உடன் இறக்கும் வழக்கம் இருந்தது. நீதிமார்க்கன் என்னும் கங்க மன்னனுடன் அகரய்யன் என்பவன் உயிர்நீத்த செய்தியை, மைசூர்ப் பகுதியிலுள்ள தொட்டஹுண்டியின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உரைக்கிறது.

பின்னர் கோலார் சோழர் வசமாயிற்று. அச்சோழரின் படையில் வேளைக்காரர் என்போர் இருந்தனர். மன்னனுக்கு இடர் நேரும் வேளையில் உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தமையால் இப்பெயர் பெற்றனர் என்பர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள் பல குறிக்கப்பெறுகின்றன. பாண்டி நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும், இறந்த மன்னனின் சிதையில் அவனுடைய மெய்யன்பர் வீழ்ந்து மாய்வதை எழுதி வைத்துள்ளார்.

ஆனால் விசுவாசம் என்பது எப்போதும் எளிதன்று. இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகுவிடமும் வேளைக்காரர் பணிபுரிந்தனர். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சோழர்மீது படையெடுக்குமாறு அவன் ஆணையிட்டபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தனர், படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் அக்கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கினான். ஊதியம் தந்தவன் ஒருபுறமும், பிறந்த நாடும் மொழியும் மறுபுறமுமாக நின்றபோது, சூளுரை ஒன்றே அவர்களுக்கு வழி காட்டவில்லை.

எனினும் கதை அங்கே முடியவில்லை. விஜயபாகுவின் மறைவுக்குப்பின், பொலன்னறுவையில் இருந்த புத்தர் பெருமானின் தந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரரே ஏற்றனர். அதன் ஊர்களையும் உடைமைகளையும் அடைக்கலம் புகுந்தோரையும், தமக்கு அழிவு நேரினும் காப்போம் என்று அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது.

ஜப்பானிலோ, தலைவனைத் தொடர்ந்து உயிர் விடுவதை 1663இல் டோக்குகாவா அரசு தடைசெய்தது. தலைவன் இறந்தாலும் அவன் குடிக்குத் தொண்டு செய்வதே கடமை என்று அது வகுத்தது.

இரு நாட்டு வரலாறும் உணர்த்தும் உண்மை ஒன்றே. ஒருவனுக்காக மடிவது வீரம். அவனுக்குப் பின்னும் நிலைக்க வேண்டியதைக் காத்து வாழ்வது அதனினும் அரிய வீரம்.