தூணைத் தொடாத உளி

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலக் குடைவரையின் தூண்கள் பருத்து நிற்கின்றன. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் தூண் மெலிந்துவிடுகிறது, அடியில் சிங்கம் அமர்ந்துகொள்கிறது. எவ்வளவு மெலிந்தாலும் தூண் தூண்தான். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், எதைத் தொடக் கூடாது என்று தீர்மானித்த பிறகே குடைவரையில் உளி இறங்கும். இடுப்பு முதுகெலும்பில் கத்தி வைப்பவருக்கும் கணக்கு இதுதான்.

வயது ஏற ஏற டிஸ்க் தேய்கிறது, மூட்டுகள் புடைக்கின்றன, பின்புறத் தசைநார் தடிக்கிறது. நரம்புகள் இறங்கும் கால்வாய் குறுகுகிறது. நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையில்தான் இது அதிகம். சிறிது தூரம் நடந்தாலே கால் கடுக்கும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விட்டுவிடும். நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பதும் இதனால்தான். மருந்தும் பயிற்சியும் போதாதபோது, கால்வாயின் கூரையாக உள்ள எலும்பையும் தசைநாரையும் அகற்றுகிறார்கள். கூரையின் இருபுறமும் உள்ள சிறு மூட்டுகளே இங்கே தூண்கள். அவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டால் மேல் எலும்பு முன்னே வழுக்கலாம். கால் வலி போய், எழும்போதும் நிற்கும்போதும் இடுப்பு பிடித்துக்கொள்ளும், படுத்தால் தணியும். படுக்கவைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இந்த வழுக்கல் தப்பிவிடலாம். நின்றபடி முன்னும் பின்னும் வளையச் சொல்லி எடுக்கும் எக்ஸ்-ரேயில் பிடிபடும்.

அப்படியானால் எல்லோருக்கும் முதலிலேயே ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2016இல் வெளியான சுவீடன் ஆய்வில் 247 பேரிடம் சோதித்தபோது, இணைப்பு சேர்த்தவர்கள் கூடுதல் பயன் எதையும் காணவில்லை. ஏற்கெனவே எலும்பு வழுக்கியிருந்த 267 பேரை வைத்து நார்வே 2021இல் வெளியிட்ட ஆய்வும், இணைப்பு இல்லாத சிகிச்சை பின்தங்கவில்லை என்றது. மறுதரப்புச் சான்றும் உண்டு: வழுக்கல் இருந்த 66 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், இணைத்தவர்களில் 14 சதவீதமும் இணைக்காதவர்களில் 34 சதவீதமும் மீண்டும் அறுவைக்குப் போனார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு. இணைப்புக்கும் விலை உண்டு. அறுவை நேரமும் ரத்த இழப்பும் கூடும், பக்கத்து மூட்டுகளின் மேல் சுமை ஏறும். ஆகவே ஸ்க்ரூ எல்லோருக்குமான காப்பீடு ஆகாது. எலும்பு வெகுவாக அசைகிறவருக்கும், தூணை வெட்டாமல் வழி திறக்காதவருக்கும் உரியது.

அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வளையும்போது என் எலும்பு நகர்கிறதா? மூட்டில் எவ்வளவு மிஞ்சும்? சிறுநீர் அடைத்தாலோ தொடையிடுக்கு மரத்தாலோ மட்டும் கேள்விக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.