கடலுக்குச் சுங்கம் வாங்கிய தீவு

டையூ என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குஜராத் மாநிலத்தின் தென்கரையை ஒட்டி இருக்கிறது. சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. உள்ளூர் மக்கள் இதைத் 'தீவ்' என்கிறார்கள். நம்முடைய 'தீவு' என்ற சொல்லைப் போலவே இல்லையா? பொருளும் அதுதான்.

ஊனா என்ற ஊரிலிருந்து பஸ் உண்டு. பாலத்தைக் கடந்தால் டையூ. நாகோவா கடற்கரை குதிரை லாடம் போல வளைந்து கிடக்கிறது. கரையில் ஹோக்கா மரங்கள் நிற்கின்றன. இதுவும் பனைதான். ஆனால் நம்மூர்ப் பனை போல ஒற்றையாய் வளராது. கிளை விட்டு வளரும்.

குஜராத்தில் மதுவிலக்கு உண்டு. டையூவில் இல்லை. ஆகவே குடிப்பதற்கென்றே வருகிறவர்கள் பலர். அவர்களில் சிலர் கோட்டையை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். காசுக்கும் நஷ்டம், கண்ணுக்கும் நஷ்டம்.

கோட்டை தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம் பாறையை வெட்டி அகழி தோண்டியிருக்கிறார்கள். அதிலும் கடல்நீர் ஏறி இறங்கும். மதில்மேல் பழைய பீரங்கிகள் இன்றும் இருக்கின்றன. பல கடலைப் பார்த்து நிற்கின்றன. ஏன்?

அந்தக் காலத்தில் குஜராத்திலிருந்து துணியும் அவுரிச் சாயமும் கப்பலேறும். அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகும். அந்தக் கப்பல்கள் போகும் வழியில் டையூ இருந்தது. போர்ச்சுக்கீசியர் இந்தத் தீவின் மேல் கண் வைத்தார்கள். 1509-ல் டையூவுக்கு அருகே பெரிய கடற்போர் நடந்தது. எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டைக் கப்பல்களைப் போர்ச்சுக்கீசியர் தோற்கடித்தார்கள். ஆனாலும் தீவு கைக்கு வரவில்லை.

பிறகு குஜராத் சுல்தான் பகதூர் ஷாவை முகலாய மன்னர் ஹுமாயூன் தாக்கினார். சுல்தானுக்குத் துணை தேவைப்பட்டது. போர்ச்சுக்கீசியர் துணை வருவதாகச் சொன்னார்கள். 1535-ல் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1537-ல், அவர்களுடைய கப்பலுக்குப் போய்த் திரும்பிய சுல்தான் கடலிலேயே கொல்லப்பட்டார்.

கோட்டை வந்தது. கூடவே சீட்டும் வந்தது. வணிகக் கப்பல்கள் போர்ச்சுக்கீசியரிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அவர்களுடைய துறைமுகத்தில் சுங்கமும் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கோடு பறிபோகும். யோசித்துப் பாருங்கள். கடலில் சாலை போட்டவர் யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த வழி அது. அதற்குத்தான் அந்நியர் காசு வாங்கினார்கள். பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்பதன் காரணம் இதுதான்.

1538-லும் 1546-லும் கோட்டையை மீட்கப் பெரிய முற்றுகைகள் நடந்தன. இரண்டுமே பலிக்கவில்லை. 1961 டிசம்பரில்தான் இந்தியப் படை டையூவை விடுவித்தது. 426 வருட ஆட்சி முடிந்தது.

ஊருக்குள் புனித பவுல் தேவாலயம் இருக்கிறது. அதன் மரவேலைப்பாட்டைப் பாருங்கள். நாய்டா குகைகளையும் பாருங்கள். கோட்டைக்குக் கல் வெட்டிய இடம் அது என்கிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் போக வேண்டாம். அப்போது கடல் கொந்தளிக்கும்.

கடற்கரையில் 'குக்ரி' போர்க்கப்பலுக்கு நினைவிடம் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி, டையூவுக்கு அப்பால் அந்தக் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனுடனே போனார்.

தீவின் மேற்கு முனையில் வணக்பாரா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. விடியற்காலையில் போனால் படகுகள் வந்து மீன் இறக்குவதைப் பார்க்கலாம். மீனைத் தேடி வடக்கே வெகுதூரம் போகிற படகுகளும் உண்டு. கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டியதாகப் பிடிபட்டு, பாகிஸ்தான் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்களும் இந்தத் தீவில் இருக்கிறார்கள்.