அழைத்தும் வாராத மென்பொருள்: ஒளிப்படத் திருத்தத்தில் ஓர் இடர்ப்பாடு

ஒளிப்படத்தைத் திருத்துவது என்பது ஒரு காலத்தில் இருட்டறையில், செவ்விளக்கின் கீழ், வேதிக் கரைசல் தட்டுகளுக்கிடையே நிகழ்ந்த தொழிலாகும். இன்று அது பெரிதும் கணினித் திரைக்கு இடம் பெயர்ந்துவிட்டது. இருட்டறையில் ஒருவரே எல்லாப் பணிகளையும் செய்தார். கணினியிலோ பணிகள் பங்கிடப்பட்டுள்ளன. ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கி வைக்கவும், அவற்றின் ஒளியையும் நிறத்தையும் சீர்செய்யவும் லைட்ரூம் கிளாசிக் போன்ற ஒரு மென்பொருள் பயன்படுகிறது. தனிப்படம் ஒன்றின் கறையை நீக்கவும், கிழிசலை ஒட்டவும், பின்புலத்தை மாற்றவும் ஃபோட்டோஷாப், அஃபினிட்டி ஃபோட்டோ, பிக்ஸல்மேட்டர் புரோ போன்ற மற்றொரு மென்பொருள் வேண்டப்படுகிறது. முதலாவதில் இருந்தபடியே இரண்டாவதை அழைத்துப் படத்தை ஒப்படைத்து, திருத்தம் முடிந்தபின் திரும்பப் பெறுவதே முறை. இவ்வழைப்பு ஏன் தவறுகிறது, எவ்வாறு சரிசெய்வது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் இடம்பெறுவதேன் என்று சிலர் வினவக்கூடும். பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் ஒளிப்படமாக்கிக் காக்கும் பணி இன்று தமிழ் மாணவர்களின் கைக்கு வந்திருக்கிறது. செல்லரித்த தாளின் மங்கிய எழுத்தைத் தெளிவுபடுத்தும் வேலை இம்மென்பொருள்களைக் கொண்டே நடைபெறுகிறது. நம் மாணவர்களுள் சிலர் விடுமுறை நாள்களில் திருமணப் படங்களைத் திருத்திக் கொடுத்துக் கல்விச் செலவை ஈடுகட்டுகின்றனர் என்பதையும் நாம் அறிவோம். இவர்களில் ஒருவர் கணினியின் செயலிக் கடையில் பணம் செலுத்தி வாங்கிய மென்பொருள் தனியே அழகாகத் திறந்தது. லைட்ரூமிலிருந்து அழைத்தபோது திறக்கவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, “அது பழுதான படி, புதிதாக ஒன்று வாங்குங்கள்” என்று விடை வந்ததாம். வேறொருவர் திருட்டுப் படி ஒன்றைப் பெற்றுத் தரவும் முன்வந்தாராம். பழுதில்லாத பொருளைப் பழுதென்று எண்ணி இருமுறை விலை கொடுப்பதும், நச்சுநிரல் கலந்த படியைக் கணினிக்குள் புகுத்துவதும் அறியாமையால் விளையும் இழப்புகள். படி பழுதாகவில்லை. கடை வழியாக வருகின்ற மென்பொருளுக்கு இருக்கும் கட்டுப்பாடே காரணம்.

அக்கட்டுப்பாட்டை விளக்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்தல் வேண்டும். ஒரு மென்பொருள் மற்றொன்றை அழைப்பதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, புறத்திருத்தி முறை. இதில் முதல் மென்பொருள் படத்தின் நகலைக் கோப்பாக வட்டில் எழுதி, “இதைத் திற” என்று இரண்டாவதிடம் கூறுகிறது. இரண்டும் தத்தம் வீட்டிலேயே இருக்கின்றன. கோப்பு மட்டும் கைமாறுகிறது. மற்றொன்று, செருகி முறை. இதில் இரண்டாவது மென்பொருளின் ஒரு பகுதி, முதல் மென்பொருளுக்குரிய கோப்புறைக்குள் குடியேறி, அதன் பட்டியலில் ஓர் உறுப்பாகவே தோன்றுகிறது. ஃபோட்டோஷாப்பின் ‘ஃபில்டர்’ பட்டியலில் பிற நிறுவனங்களின் பெயர்கள் தோன்றுவது இவ்வாறுதான். ‘திறக்கவில்லை’ என்று வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, இவ்விரண்டில் எவ்வழியில் அழைத்தீர்கள் என்பதையே. பாதிச் சிக்கல் அவ்வினாவிலேயே அவிழ்ந்துவிடும்.

ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான செயலிக் கடையை 2011 சனவரி 6ஆம் நாள் திறந்தது. 2012 சூன் முதல், அக்கடைக்குப் புதிதாக வரும் மென்பொருள்கள் அனைத்தும் ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் வேலிக்குள் இயங்க வேண்டும் என்று விதித்தது. மணல் நிரப்பிய தொட்டிக்குள் குழந்தை விளையாடுவதைக் கருதி இட்ட பெயர் அது. நம் மாணவர்க்கு நம் ஊர் விடுதியைக் காட்டினால் எளிதில் விளங்கும். விடுதி மாணவன் தன் அறைக்குள் எதையும் அடுக்கி வைக்கலாம். அடுத்த அறையைத் திறந்து அங்கே தன் பெட்டியை வைக்க அவனுக்கு உரிமையில்லை. வெளியிலிருந்து வரும் பொருளும் காப்பாளர் கைவழியாகவே அவனிடம் சேரும். மேக் கணினியில் காப்பாளராக இருப்பது இயங்குதளம். வேலிக்குள் இருக்கும் மென்பொருள், தனக்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையையும், பயனர் தாமே தேர்ந்து கொடுத்த கோப்புகளையும், இயங்குதளத்தின் வழியே முறையாக ஒப்படைக்கப்பட்ட கோப்புகளையும் தொடலாம். பிறவற்றைத் தொட இயலாது. ஒரு செயலி தீயதாக மாறினும் அது பயனரின் மற்ற உடைமைகளைச் சூறையாடக் கூடாது என்பதே இதன் கருத்து. தொல்லை தருவதாயினும் இக்கட்டுப்பாடு தேவையற்றது என்று நாம் சொல்லமாட்டோம்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? புறத்திருத்தி முறை வேலிக்குள்ளும் பெரும்பாலும் செல்லும். ஏனெனில் இயங்குதளமே கோப்பைக் கையளிக்கிறது. செருகி முறையோ செல்லாது. ஏனெனில் ஃபோட்டோஷாப்பின் கோப்புறைக்குள் தன் செருகியை எழுத, கடைவழி வந்த மென்பொருளுக்கு உரிமையில்லை. அடுத்த அறையில் பெட்டியை வைப்பது போன்றது அது. ஆகவே கடையில் வாங்கிய மென்பொருளின் பெயரை ‘ஃபில்டர்’ பட்டியலில் தேடுவோர் ஏமாற்றம் அடைவது இயல்பே. இதற்கு மாற்றாகச் சில நிறுவனங்கள் செருகியை மட்டும் நிறுவும் சிறு நிரலைத் தம் இணையதளத்தில் தனியே தருகின்றன. சில, செருகியோடு கூடிய முழுப் பதிப்பைத் தம் தளத்தில் மட்டுமே விற்கின்றன. வாங்குமுன் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் இதனைப் பார்த்துக்கொள்ளல் நன்று. செருகி கிடைக்காவிடினும் கவலை வேண்டா. லைட்ரூம் கிளாசிக்கின் விருப்பமைவுகளில் ‘எக்ஸ்டர்னல் எடிட்டிங்’ என்னும் பகுதி உண்டு. அங்கே ‘சூஸ்’ என்னும் பொத்தானை அழுத்தி, ‘அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறையிலிருக்கும் அம்மென்பொருளைத் தேர்ந்து, ஒரு பெயரிட்டுச் சேமித்துவிட்டால் போதும். பின்னர்ப் படத்தின்மேல் வலச்சொடுக்கி ‘எடிட் இன்’ பட்டியலில் அப்பெயரைக் காணலாம்.

ஆப்பிளின் ‘ஃபோட்டோஸ்’ மென்பொருளில் நிலைமை சற்றே வேறு. அங்கு 2015இல் ‘நீட்சிகள்’ என்னும் ஏற்பாடும், 2017இல் வெளிவந்த ஹை சியரா பதிப்பில் படத்தைப் புறத்திருத்திக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்தன. நீட்சி என்பது வேலிக்குள்ளிருந்தே விருந்தினராக வருவதற்கு இயங்குதளம் தந்த அனுமதிச் சீட்டு. அது பட்டியலில் தோன்றாவிடில், அம்மென்பொருளை முதலில் ஒருமுறை தனியே திறந்து மூடுதல் வேண்டும். அதற்குப் பின்னரே இயங்குதளம் அதனைப் பதிவு செய்துகொள்ளும். அடுத்து, கணினி அமைப்புகளில் நீட்சிகளுக்கான பகுதியில் அதன் பெயருக்கு நேரே குறியிட வேண்டும். பலர் இக்குறியை இடாமலேயே மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவிக்கொண்டிருக்கிறார்கள்.

விண்டோஸ் கணினிகளில் இடர்ப்பாடு வேறு வடிவம் கொள்கிறது. நம்மவரிடையே பெருவழக்காக இருப்பது விண்டோஸ் ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கடை 2012 அக்டோபரில், விண்டோஸ் 8 உடன் வந்தது. அக்கடையின் வழி வரும் மென்பொருள், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்னும் மறைவான கோப்புறையில் வைக்கப்படுகிறது. அதன் உரிமை கணினி உரிமையாளரிடம்கூட இல்லை. இயங்குதளம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. லைட்ரூம் முதலியன புறத்திருத்தியைக் குறிக்க ‘எக்ஸி’ என முடியும் இயக்கக் கோப்பைக் காட்டச் சொல்லும். அக்கோப்போ பூட்டிய அறைக்குள் இருக்கிறது. 2022 நவம்பரில் அஃபினிட்டி ஃபோட்டோவின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது அதன் விண்டோஸ் படி இவ்வகைப் பொதியாக மட்டுமே வழங்கப்பட்டது. அதனைப் பிற மென்பொருள்களிலிருந்து அழைக்க இயலவில்லை என்று பயனர் பலர் முறையிட்டனர். பின்னர் நிறுவனமே பழைய பாணியிலான நிறுவு கோப்பையும் சேர்த்து வழங்கியது.

இதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் தீர்வு, ‘ஆப் எக்ஸிகியூஷன் அலையஸ்’ என்பது, மாற்றுப்பெயர் எனலாம். பயனரின் கோப்புறைக்குள் ‘ஆப்டேட்டா’, அதனுள் ‘லோக்கல்’, அதனுள் ‘மைக்ரோசாஃப்ட்’, அதனுள் மற்றொரு ‘விண்டோஸ்ஆப்ஸ்’ உண்டு. அங்கே மென்பொருளின் பெயரைத் தாங்கிய சிறு கோப்பு இருக்கும். அதன் அளவு 0 பைட்டு. உள்ளே ஒன்றுமில்லாத அக்கோப்பு, அழைப்பைப் பெற்று உண்மையான மென்பொருளிடம் சேர்ப்பிக்கிறது. இரண்டு உயிர்கள் நேரே புணர இயலாதபோது இடையில் வந்து இணைக்கும் உடம்படுமெய்யை நம் மாணவர் இங்கு நினைந்துகொள்ளலாம். ‘ஆப்டேட்டா’ மறைவான கோப்புறையாதலின், மறைந்தவற்றைக் காட்டும்படி முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். அல்லது முழு முகவரியையும் தேர்வுச் சாளரத்தில் நேரே தட்டச்சிட வேண்டும். அங்கு அக்கோப்பைக் காணாவிடில், விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பகுதியில் மாற்றுப்பெயர்களின் பட்டியல் இருக்கும். அதில் உரியது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா மென்பொருளாளரும் மாற்றுப்பெயர் தருவதில்லை. அழைக்கும் மென்பொருள்களுள்ளும் சில, வெற்றுக் கோப்பைக் கண்டு ‘இது இயக்கக் கோப்பன்று’ என மறுத்துவிடும். அந்நிலையில், தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் நேரடி நிறுவு கோப்பை நாடுவதே வழி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பூட்டிய ‘விண்டோஸ்ஆப்ஸ்’ கோப்புறையின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றி உள்ளே நுழையும் வித்தையைச் சிலர் கற்பிக்கின்றனர். அதைச் செய்யவே கூடாது. கடைவழி வந்த பிற செயலிகளும் திறவாமற்போக அது வழிவகுக்கும். அன்றியும் அதனால் நிலைத்த பயனும் இல்லை. மென்பொருள் இருக்கும் உட்கோப்புறையின் பெயரில் பதிப்பெண் கலந்திருப்பதால், அடுத்த புதுப்பித்தலில் முகவரியே மாறிவிடும்.

இனி, கடைக்கட்டுப்பாட்டோடு தொடர்பில்லாத சில காரணங்கள். முன்பு சோதனைக்காக இறக்கிய படியும் பின்பு கடையில் வாங்கிய படியும் ஒரே கணினியில் இருப்பின், அழைப்பு காலாவதியான சோதனைப் படிக்கே செல்லும். அதை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, விருப்பமைவில் புதிய படியை மீண்டும் காட்ட வேண்டும். மேக் கணினியில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை அறவே இயக்காது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபின், அச்சில்லுக்கென எழுதப்பட்ட ஃபோட்டோஷாப், இன்டெல் சில்லுக்கான பழைய செருகிகளை ஏற்பதில்லை. ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பியின் துணையோடு ஃபோட்டோஷாப்பைத் திறந்து அவற்றைப் பயன்படுத்தியோர் உண்டு. ஆயின் ரொசெட்டாவைப் படிப்படியே விலக்கப்போவதாக ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டமையால், அதனை நம்பி நெடுங்காலம் இருத்தல் இயலாது.

மென்பொருள் திறந்து, படம் மட்டும் வாராதிருந்தால், அனுமதியை ஐயுற வேண்டும். கேட்டலினா முதல், மேசைத்தளம், ஆவணங்கள், பதிவிறக்கங்கள், புறவட்டு ஆகியவற்றைத் தொடுமுன் மென்பொருள் இசைவு கேட்கிறது. அவசரத்தில் ஒருமுறை மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்பதில்லை. தனியுரிமை அமைப்புகளில் கோப்புகளும் கோப்புறைகளும் என்ற பகுதியில் சென்று நாமே திறந்துவிட வேண்டும். படங்களைப் புறவட்டில் வைத்திருப்போர்க்கு இது அடிக்கடி நேரும்.

அழைப்பு நிறைவேறியபின்னும் ஒரு தடுமாற்றம் உண்டு. திருத்தி முடித்த படம் லைட்ரூமிற்குத் திரும்பவில்லை என்பர். லைட்ரூம் அனுப்பியது, மூலப்பெயரோடு ‘எடிட்’ என்னும் சொல் சேர்ந்த ஒரு நகல். பெரும்பாலும் டிஃப் வடிவம். அதே பெயரில், அதே இடத்தில், அதே வடிவத்தில் சேமித்தால் மட்டுமே லைட்ரூம் அதனை அறிந்துகொள்ளும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்தோ, அம்மென்பொருளின் சொந்த வடிவத்திலோ சேமித்தால் கோப்பு வட்டில் எங்கோ இருக்கும். லைட்ரூமின் அட்டவணையில் இராது. அவ்வாறு சேமித்துவிட்டவர் உழைப்பு வீணாகிவிட்டதென்று எண்ண வேண்டா. அதே திருத்தியில் அக்கோப்பைத் திறந்து டிஃப் ஆக ஏற்றுமதி செய்து, மூலப்படம் இருக்கும் கோப்புறையில் இட்டு, லைட்ரூமில் அக்கோப்புறையின்மேல் வலச்சொடுக்கி ‘சிங்க்ரனைஸ் ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தால், அதுவும் மூலப்படத்தின் அருகே வந்து சேரும்.