தமிழ் நூல் எந்த அலமாரியில்?

நம் பல்கலைக் கழக நூலகத்தில் தமிழ் நூலே இல்லையென்று புதிதாக வந்த தம்பிமார் சிலர் குறைப்பட்டுக் கொண்டனர். இருக்கிறது, தேடும் முறைதான் வேறு. வடநாட்டு நூலகங்களில் தமிழ்ப் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதிகிறார்கள். மு. வரதராசனார் ஒரு பட்டியலில் 'எம்' வரிசையிலும் மற்றொன்றில் 'வி' வரிசையிலும் இருக்கக்கூடும். ழகரம் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை! கணிப்பொறியும் எழுதியதைத்தானே காட்டும்?

ஆகையால் எண்ணைக் கொண்டு தேடுங்கள். டியூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, தமிழ் மொழிக்கு 494.811. கோலன் பகுப்பாயின் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து இலக்கியத்தைக் குறிக்கும். அடுத்து வரும் 31 தமிழைக் குறிக்கும். 1933-இல் இப்பகுப்பை வெளியிட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். காசி இந்துப் பல்கலைக் கழகத்திலும், பின்பு டில்லிப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றியவர். அவர் வகுத்த வரிசையிலுள்ள நூலைக் கேட்க நமக்கென்ன கூச்சம்? இந்தி வராவிட்டால் எண்ணை எழுதிக் காட்டுங்கள், போதும்.

எடுத்த நூலை நீங்களே அலமாரியில் செருக வேண்டாம். மேசைமீது வைத்துவிடுங்கள். இடம் மாறிய நூல் பிறகு எவர் கண்ணிலும் படாது. வேண்டிய நூல் இல்லையானால், வாங்கும்படி நூலகருக்கு எழுதிக் கொடுங்கள். கேட்பாரில்லாத மொழிக்குப் பணம் ஒதுக்க எந்த நூலகரும் முன்வரமாட்டார்.