களிமண் சுரங்கமும் கலங்கும் ஏரியும்

ஓடு, பீங்கான், உலைகளுக்கான தீச்செங்கல் என நாம் பயன்படுத்தும் பல பொருள்களுக்குக் களிமண்ணே மூலப்பொருள். எனவே, களிமண் சுரங்கங்களே கூடாது என்று எவரும் கூறிவிட முடியாது. ஆனால், பருவமழையின்போது சுரங்கத்திலிருந்து வழியும் கலங்கல் நீர் தாழ்வான பகுதியிலுள்ள ஏரியையும் வயலையும் சேரும்போது ஏற்படும் இழப்பு, சுரங்கத்தின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. அதை விவசாயியே சுமக்கிறார். பொருளாதாரத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று பெயர். இதனைத் தடுக்கும் முதன்மையான ஏற்பாடு, சுரங்கத்தைச் சுற்றி வெட்டப்படும் மழைநீர் மாற்றுக் கால்வாய்.

அதன் தத்துவம் எளிது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழைநீரை, அது குழிக்குள் இறங்குமுன்பே மறித்து, சுற்றிக் கொண்டுசென்று, பழைய ஓடையிலேயே விட்டுவிட வேண்டும். குழிக்குள் நேரடியாக விழும் மழைநீரை மட்டும் குட்டையில் தேக்கி, தெளிந்த பிறகு வெளியேற்ற வேண்டும். இவ்விரு நீரும் கலக்கக் கூடாது.

கலந்தால் என்ன ஆகும்? 0.05 மில்லிமீட்டர் வண்டல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சில நிமிடங்கள் போதும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள் தேவை. அதனினும் நுண்ணிய துகள்கள் வாரக்கணக்கில் மிதக்கும். குடத்து நீரைப் படிகாரமிட்டுத் தெளியவைக்கலாம். பெருமழை வெள்ளத்தை அவ்வாறு தெளியவைக்க ஆகும் செலவுக்கு எல்லையில்லை. கலங்கிய பின் தெளிவிப்பதைவிடக் கலங்காமல் காப்பதே சிக்கனம்.

கால்வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 50 ஹெக்டேர் மேட்டு நிலத்தில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்து, அதில் பாதி நிலத்தின் மேல் வழிந்தோடுவதாகக் கொள்வோம். அப்போது விநாடிக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் நீர் கால்வாயில் பாயும். இது வெறும் பெருக்கல் கணக்கு. எந்த மழையைக் கணக்கில் கொள்வது என்பதுதான் சிக்கலான கேள்வி.

'25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் மழை' என்பதை, ஒருமுறை பெய்தால் அடுத்த 25 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பலரும் பொருள் கொள்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய மழைக்கு 4 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். சுரங்கம் 20 ஆண்டுகள் இயங்குமானால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையேனும் அம்மழை பெய்வதற்கான வாய்ப்பு 56 சதவீதம். பத்தாண்டு மழைக்குத் திட்டமிட்டால் அது 88 சதவீதம். நூறாண்டு மழைக்குத் திட்டமிட்டால் 18 சதவீதம். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஆபத்தை யார் தலையில் ஏற்றுவது என்ற முடிவேயாகும்.

பெரிய கால்வாய்க்குச் செலவு கட்டுப்படியாகாது என்ற வாதமும் முழுமையானதன்று. ஒரே வடிவமும் சரிவும் கொண்ட கால்வாயில் இருமடங்கு நீரைக் கொண்டுசெல்ல இருமடங்கு மண்ணை வெட்ட வேண்டியதில்லை, சுமார் 1.7 மடங்கு போதும். கால்வாய் பெரிதாகும்போது நீர் விரைந்தோடுவதே காரணம். அந்த வேகம் கரையை அரிக்காதபடி, சரிவு மிகுந்த இடங்களில் கல் பதித்தலும் படிக்கட்டு போன்ற இறக்கங்களும் தேவைப்படும்.

அமைவிடமும் முக்கியம். குழியின் விளிம்பை ஒட்டிக் கால்வாய் வெட்டினால், கசியும் நீர் ஊறி, சுவர் சரியும். சுரங்கம் ஆண்டுதோறும் விரிவடையும் என்பதால், அதன் இன்றைய எல்லையை விடுத்து இறுதி எல்லைக்கு வெளியே கால்வாய் அமைய வேண்டும். அது போய்ச் சேரும் ஓடையும் ஏரியும் திடீரெனக் கூடிவரும் நீரைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையெனில், ஒரு ஊரின் வெள்ளத்தை அடுத்த ஊருக்கு அனுப்பியதாகவே முடியும்.

களிமண் சுரங்கங்களைவிடப் பன்மடங்கு பெரிய நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இதற்கொரு பாடம். 2015 நவம்பரில் அங்கு ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. 2023 ஜூலையில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய், வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே வெட்டப்பட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையேனும் பொறுத்திருக்கலாம் என்றனர் விவசாயிகள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. கால்வாய்க்கான நிலமும் காலமும் சுரங்கத் திட்டத்தின் தொடக்கத்திலேயே, மக்களின் ஒப்புதலோடு முடிவாக வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

2015-இல் மத்திய அரசு களிமண் வகைகளைச் சிறு கனிமங்களாக அறிவித்தது. அதனால், அவற்றுக்கான விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பு மாநில அரசுகளிடம் உள்ளது. எத்தனை ஆண்டு மழைக்குக் கால்வாய் வடிவமைக்கப்பட்டுள்ளது, நீர் எந்த ஏரியைச் சென்றடையும், பருவமழைக்கு முன் தூர்வாரும் பொறுப்பு யாருடையது, சுரங்கம் மூடப்பட்ட பின் பராமரிப்பவர் யார் என்ற நான்கு விவரங்களையும் அனுமதி ஆணையிலேயே தமிழில் வெளியிடச் செய்யலாம். ஏரிப் பாசன விவசாயிகளின் சங்கத்தைக் கலந்தாலோசிப்பதையும், ஏரியில் சேறு படிந்தால் தூர்வாரப் போதுமான வைப்புத் தொகையை முன்கூட்டியே பெறுவதையும் கட்டாயமாக்கலாம். சேற்றின் விலையைச் செலுத்த வேண்டியவர் சுரங்க உரிமையாளர் என்று ஆகிவிட்டால், கால்வாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை அவரே சரியாகக் கணக்கிட்டுக்கொள்வார்.